கண்ணை மூடச் சொன்னால் சிரிக்கும் பிள்ளைகள்

கேள்வி: மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். இப்போது என் வகுப்பில் 22 பேர். இந்தக் கல்வியாண்டிலிருந்து தினமும் காலையில் 15 நிமிடம் 'மைண்ட்ஃபுல்னஸ்' பயிற்சி நடத்த வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, ஒலிப்பதிவில் வரும் குரல் சொல்கிறபடி மூச்சைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது நிமிடத்திலேயே சிரிப்பு கிளம்பிவிடுகிறது. நான்கு வயதுப் பையன் ஒருவன் எழுந்து மேசைக்கு அடியில் போய்விடுகிறான். ஒரு சிறுமி கண்ணை மூடச் சொன்னாலே அழுகிறாள். வகுப்பில் சத்தம் கூடினால் "எல்லோரும் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அடக்குவது எனக்கும் பழகிவிட்டது. பெற்றோர் ஒருவர் இது மதச் சடங்கா என்று கேட்டார். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வயதுக்கு இந்தப் பயிற்சி பொருந்துமா, அல்லது நான்தான் தவறாக நடத்துகிறேனா? உண்மையைச் சொன்னால், அந்தப் பதினைந்து நிமிடமும் எனக்கே மனம் ஒரு நிலையில் இருப்பதில்லை.
— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கு விடைக்க மூச்சு வாங்குவதை ஒரு குழந்தை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறது என்றால், அந்த நொடியில் கண்முன் நடப்பதை உள்ளபடியே கவனித்துக்கொண்டிருப்பது அந்தக் குழந்தைதான். உங்கள் வகுப்பில் பயிற்சி தோற்றுவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் எனக்குத் தெரிவது இது: பிள்ளைகளின் கவனம் நன்றாகவே இருக்கிறது, அதை வைக்கச் சொன்ன இடந்தான் அவர்கள் வயதுக்கு எட்டாதது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மைண்ட்ஃபுல்னஸ் என்பதைத் தமிழில் 'விழிப்புணர்வு' என்று எழுதுகிறார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டதும் பேரணியும் துண்டறிக்கையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நான் 'முழுக்கவனம்' என்றே எழுதுகிறேன். பிள்ளைகளிடம் இந்தப் பெயர்கள் எதுவும் தேவையில்லை, "கேட்கலாமா?", "பார்க்கலாமா?" என்பதே போதும்.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் சிக்கலில் பாதி விளங்கிவிடும். ஜான் கபட்-சின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் எட்டு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த பெரியவர்களுக்காக அமைக்கப்பட்டது அது. நடந்துகொண்டிருக்கும் கணத்தின் மீது, வேண்டுமென்றே, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனம் வைத்தல் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். இதில் 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தன் கவனத்தைத் தானே பிடித்து ஓரிடத்தில் நிறுத்துவது மூளையின் முன்பகுதி செய்யும் வேலை. அந்தப் பகுதி முழு முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன. நான்கு வயதில் அந்தத் திறன் வேகமாக வளர்கிறது என்பது உண்மை. வளர்ந்து முடிந்ததாக எண்ணிக்கொண்டு அதனிடம் 15 நிமிட வேலை கேட்பது முறையாகாது.

இன்னொன்றும் உண்டு. "உன் மனத்தில் ஓடும் எண்ணங்களைப் பார்" என்று பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் ஒரு வாக்கியம் வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் தம் குழுவினருடன் 1990-களில் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடம் எண்ணத்தைப் பற்றிப் பல கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் மனத்தில் எதுவும் ஓடுவதில்லை என்றே அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கருதினார்கள். தாங்கள் சற்றுமுன் என்ன நினைத்தோம் என்பதைச் சொல்லவும் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. மனம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியே இன்னும் தெரியாத ஒருவரிடம் போய், ஓடுவதை வேடிக்கை பார் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? சிரிப்பார், அல்லது மேசைக்கு அடியில் போவார்.

அப்படியானால் இந்த வயதுக்குப் பொருந்தாது என்று விட்டுவிடலாமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் லிசா ஃபுளூக், ரிச்சர்டு டேவிட்சன் ஆகியோரின் குழு 68 சிறுபிள்ளைகளிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. வாரம் இருமுறை, ஒரு முறைக்கு 20 முதல் 30 நிமிடம் வரை வகுப்பு. நேரத்தைக் கேட்டதும் உங்கள் நிர்வாகம் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த நேரம் முழுவதும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கதை, பாட்டு, உடலசைவு ஆகியவற்றின் வழியே கவனமும் பரிவும் சொல்லித்தரப்பட்டன. பயிற்சி பெற்ற பிள்ளைகளின் பழகும் திறன் மேம்பட்டதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். பயிற்சி பெறாத பிள்ளைகள், பிறருடன் பங்கிட்டுக்கொள்ளும் சோதனையில், நாள் செல்லச் செல்லத் தங்களுக்கென்று கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே கூடுதல் பலன் தெரிந்தது. 68 என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு எல்லா வகுப்புக்கும் இது மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடந்த மிகப் பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. பிறரோடு பழகவும் உணர்ச்சிகளைக் கையாளவும் கற்றுத்தரும் வழக்கமான பாடங்களைவிட முழுக்கவனப் பயிற்சி மாணவர்களின் மனநலத்துக்கு எவ்விதத்திலும் மேலானதாக அதில் தெரியவில்லை. மாணவர்களில் பலர் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. வயது வேறு, சூழல் வேறு என்றாலும், 'எல்லோருக்கும் ஒரே பயிற்சி, மேலிருந்து வந்த உத்தரவு' என்ற அமைப்பு உங்கள் பள்ளியில் நடப்பதற்கு மிக நெருக்கமானது என்பதால் சொல்கிறேன். அதே ஆய்வில் ஆசிரியர்களின் பணிச்சோர்வு ஓரளவு குறைந்தது என்றும் கண்டார்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வரும்போது இதை மறுபடி எடுத்துக்கொள்வோம்.

இனி வகுப்பறைக்கு வருவோம்.

ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். அடித்தால் நீண்ட நேரம் ஒலிக்கும் மணி ஒன்றோ, இசைக்கருவிகளில் உள்ள இரும்பு முக்கோணமோ கிடைத்தால் போதும். பிள்ளைகளை வட்டமாக உட்கார வையுங்கள். சிலர் முட்டி போட்டுக்கொண்டால் போடட்டும், ஒருவர் குப்புறப் படுத்தால் படுக்கட்டும். "ஒரு முறை அடிக்கப்போகிறேன். சத்தம் உங்களுக்குக் கேட்கிற வரைக்கும் கை மடியிலேயே இருக்கட்டும். கேட்பது நின்றதும் கையைத் தூக்குங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். முதல் நாள் மணி அடித்த உடனேயே ஆறேழு கைகள் எழும்பும். கை தூக்குவதே வெற்றி என்று நினைத்திருப்பார்கள். திருத்த வேண்டாம். மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள், நீங்கள் ஒன்றும் செய்யாமலே, அறை மாறுவதைக் காண்பீர்கள். சில முகங்கள் ஒருபக்கமாகச் சாயும். ஒருவர் வாய் லேசாகத் திறந்துகொள்ளும். சத்தம் மெலிந்து மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த இரண்டு மூன்று நொடிகளில் 22 பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். நான் பார்வையிட்ட வகுப்பு ஒன்றில் எல்லோரும் கையைத் தூக்கிய பிறகும் ஒரு சிறுமி மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள். ஆசிரியை காத்திருந்தார். கடைசியில் அவள், "டீச்சர், சத்தம் போகல. கதவுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு" என்றாள். அந்த ஆசிரியை "அப்படியா, வேறு யாருக்காவது அங்கே கேட்கிறதா?" என்று கேட்டாரே தவிர, மணியொலி எப்படிப் பரவுகிறது என்று பாடம் எடுக்கவில்லை. நல்ல ஆசிரியை.

இது முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அவ்வளவுதான் தேவை. நன்றாக நடக்கிறதே என்று மூன்றாவது, நான்காவது தடவை அடித்து நீட்டாதீர்கள். இன்னும் ஒரு தடவை என்று அவர்கள் கேட்கும்போது நிறுத்திவிடுவதே அடுத்த நாளுக்கு நல்லது.

இதில் புதிதாக நான் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய காலத்திலேயே இதன் மூத்த வடிவம் ஒன்று உருவாகிவிட்டது. ஒரு நாள் அவர் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குள் எடுத்து வந்து, அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, அதன் மூச்சு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று பிள்ளைகளிடம் காட்டினார். பிள்ளைகள் தாங்களும் அதைப் போல இருந்து பார்க்க முயன்றார்கள். அதிலிருந்து அவர் 'மௌன விளையாட்டு' ஒன்றை வளர்த்தெடுத்தார்: ஆசிரியை பக்கத்து அறையில் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கிசுகிசுத்த குரலில் அழைப்பார், பெயர் காதில் விழுந்த பிள்ளை நாற்காலி நகராமல், காலடி கேட்காமல் எழுந்து அவரிடம் போக வேண்டும். கடைசிப் பெயர் வரும்வரை காத்திருக்கும் பிள்ளையின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். "பேசாதே" என்று சொல்லிக் கிடைக்கும் அமைதிக்கும், தன் பெயரைக் கேட்பதற்காகப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கும் அமைதிக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. உங்கள் வகுப்பில் 22 பேர் என்பதால் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பெயர்கள் மட்டும் அழையுங்கள், ஆனால் யார் பெயர் எந்த நாள் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். காத்திருந்து பெயர் வராமல் போன பிள்ளைக்கு அந்த நாள் முழுவதும் வீணாகிவிடும்.

விளையாட்டு ஏன் இந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதற்கு ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி நல்ல விளக்கம் தந்திருக்கிறார்: விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார். சும்மா அசையாமல் நில் என்றால் நிற்க முடியாத பிள்ளை, காவல்காரனாக நடிக்கும்போது அசையாமல் நிற்கும். எனவே "மெதுவாக நட" என்பதைவிட, ஒலிக்கும் சிறு மணியைக் கையில் கொடுத்து, "இது தூங்குகிறது, எழுப்பாமல் அந்தச் சுவர் வரை கொண்டுபோய் வா" என்று சொல்லுங்கள். பாதம் தரையில் எப்படிப் படுகிறது என்று நீங்கள் விளக்காமலே பாதத்துக்குத் தெரிந்துவிடும்.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பதும் இங்கேதான். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 20 முதல் 30 தடவை வரை விடுகிறார்கள். நாலு எண்ணும்வரை இழு, ஏழு எண்ணும்வரை அடக்கு, எட்டு எண்ணும்வரை விடு என்று பெரியவர்களுக்கு வகுத்த கணக்கு அவர்களின் சிறிய நெஞ்சுக்கூட்டுக்கு ஒத்துவராது. எண்ணிக்கையும் வேண்டாம், அடக்குவதும் வேண்டாம். மூச்சை வெளியே விடுவது சற்று நீளமாக அமைந்தால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணிகிறது என்பதுதான் இந்தப் பயிற்சிகளின் உடலியல் அடிப்படை. அந்த நீளத்தை விளையாட்டுப் பொருள் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம். காகிதக் காற்றாடியைவிட சோப்புக் குமிழி நல்லது என்பது என் கருத்து. காற்றாடி எவ்வளவு வேகமாக ஊதினாலும் இன்னும் வேகமாகச் சுற்றி, இன்னும் ஊது என்று பிள்ளையைத் தூண்டும். குமிழியோ வேகமாக ஊதினால் உடைந்துவிடும்; மெதுவாக, நீளமாக ஊதுகிற பிள்ளைக்கே பெரிய குமிழி கிடைக்கும். திருத்தும் வேலையைச் சோப்பு நீரே செய்துவிடுகிறது.

படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் ஒரு துணிப் பொம்மையை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. மூச்சு கண்ணுக்குத் தெரியாதது; பொம்மை தெரியும். "பொம்மையைத் தூங்க வை" என்று சொன்னால் போதும், மூச்சு தானாகவே நிதானப்படும்.

எதுவானாலும் ஒரு நேரத்தில் நான்கைந்து மூச்சோடு நிறுத்துங்கள். இடைவிடாமல் ஊதினால் தலைசுற்றும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: ஏறத்தாழ நான்கு வயதுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் உடல் வெட்டி இழுக்காது, பிள்ளை சில நொடிகள் அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடரும். வேகமாக மூச்சு வாங்கி விடுவது இதைத் தூண்டக்கூடியது. நரம்பியல் மருத்துவர்கள் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனையின்போது பிள்ளையைச் சில நிமிடங்கள் காற்றாடியை ஊதச் சொல்வது இதற்காகவே. உங்கள் வகுப்பில் ஊதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை, கூப்பிட்டாலும் கேட்காமல், கண் நிலைகுத்தி நின்றுவிட்டால், தியானத்தில் ஆழ்ந்துவிட்டது என்று மகிழாமல் அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும், சளி கட்டியிருக்கும் நாள்களில் மற்றவர்களுக்கும் மூச்சுப் பயிற்சியே வேண்டாம். அவர்கள் மணியைக் கேட்கட்டும். பெரியவர்களுக்கான பயிற்சியில் உலர்திராட்சை ஒன்றை வாயில் வைத்து மெல்ல மெல்லச் சுவைப்பது புகழ்பெற்றது. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களிடம் அதைச் செய்யாதீர்கள், படுத்துக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ எந்த வயதிலும் செய்யாதீர்கள். தொண்டையில் சிக்கிவிடும். தூள் மெல்ல அடங்குவதைப் பார்ப்பதற்காக மினுக்குத்தூள் போட்டுக் குலுக்கும் பாட்டில் வைத்திருந்தால் அது பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மூடியைப் பசை வைத்து ஒட்டிவிடுங்கள்.

அழும் சிறுமிக்கு வருகிறேன். கண்ணை மூடுவது எல்லாருக்கும் ஓய்வு தரும் செயல் இல்லை. பிறர் இருக்கும் அறையில், என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருட்டில் உட்காரும்படி சொல்வதாகவே அது சில பிள்ளைகளுக்குப் படுகிறது. அச்சம் தந்த அனுபவம் எதையாவது கடந்து வந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். அவள் ஏன் அழுகிறாள் என்று அவளிடமே துருவிக் கேட்காதீர்கள். கண்ணை மூடுவதை எல்லோருக்கும் நீக்கிவிட்டால் அவள் தனியாகத் தெரிய மாட்டாள். எங்காவது ஓரிடத்தில் பார்வையை வைக்க வேண்டுமென்றால் தன் கையையோ, நடுவில் வைத்த ஒரு கூழாங்கல்லையோ பார்க்கலாம். அதற்குப் பிறகும் மற்ற வேளைகளிலும், உறங்கும் நேரத்திலும், கதவு சாத்தும் நேரத்திலும் அழுகை தொடர்ந்தால், வீட்டாருடன் தனியே, நிதானமாகப் பேச வேண்டியிருக்கும். அது வேறு வேலை, இந்தப் பயிற்சியால் தீர்வதில்லை.

சத்தத்தை அடக்க மூச்சுப் பயிற்சியைப் பயன்படுத்துவது பற்றி நீங்களே சந்தேகத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் சரியானது. உங்கள் கடிதத்தில் நான் உறுதியாக மறுத்துச் சொல்லும் ஒரே செயல் இதுதான். "போய் மூச்சு விட்டுவிட்டு வா" என்பது பிள்ளையின் காதில் "போய் மூலையில் நில்" என்பதாகவே விழும். இரண்டு வாரத்தில் மூச்சு என்பது தண்டனைக்கு மறுபெயர் ஆகிவிடும். பிறகு உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் அதைத் தொடவே மாட்டார்கள். கோபத்தின் உச்சியில் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவும் முடியாது. அந்த வேளையில் வேலை செய்வது உங்கள் உடல்தான்: பக்கத்தில் போய், அதன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, குறைவாகப் பேசி, உங்கள் மூச்சை மட்டும் நிதானமாக விட்டுக்கொண்டிருப்பது. சிறுபிள்ளைகள் தாங்களே அமைதியடைவதற்கு முன், பெரியவர் ஒருவரின் அமைதியைக் கடன் வாங்கித்தான் பழகுகிறார்கள். "கட்டியதை அவன் தட்டிவிட்டான், உனக்குக் கோபம் வந்துவிட்டது. கை எப்படி இறுகிப்போயிருக்கிறது பார்" என்று உணர்ச்சியின் பெயரையும் அது உடலில் இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள். பிறகு கை தளர்ந்ததும் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். கோபத்தை உடலில் கண்டுகொண்ட பிள்ளை அந்த நேரத்தில் முழுக்கவனப் பயிற்சியைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மணியும் இல்லை, குமிழியும் இல்லை.

வகுப்பில் மெத்தையும் துணிப் பொம்மையும் போட்ட அமைதி மூலை ஒன்று வைத்தால் நல்லது. அங்கே ஒருவரையும் அனுப்பக் கூடாது, தானாகப் போனவரை இழுத்துவரவும் கூடாது என்ற இரண்டு விதிகள் இருக்கட்டும். நீங்களும் எப்போதாவது அதில் இரண்டு நிமிடம் போய் உட்காருங்கள், பிள்ளைகள் பார்க்கும்படி.

உங்கள் மனம் ஒரு நிலையில் இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. நானும் பயிற்சியாளராகச் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் முன் மணியை வைத்துக்கொண்டு, அடுத்த வகுப்புக்கு நேரமாகிறதே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்; ஒரு பையன் எழுந்து போய்க் கடிகாரத்துக்கு அடியில் நின்றுகொண்டு, நான் என்ன பார்க்கிறேன் என்று அண்ணாந்து பார்த்தான். நீங்கள் எதைக் கவனிக்கிறீர்களோ அதையே அவர்கள் கவனிப்பார்கள். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன், வகுப்பின் கதவைத் திறக்கும்போது கைப்பிடியின் குளிர்ச்சியை உணர்ந்து, ஒரு முழு மூச்சு விட்டுவிட்டு உள்ளே போங்கள். அரை நிமிடம். சில வாரங்களுக்குப் பிறகு, விருப்பமிருந்தால், பெரியவர்களுக்கான முறையான பயிற்சி ஒன்றில் சேருங்கள். பிரிட்டன் ஆய்வில் ஆசிரியர்களுக்குச் சிறிது பலன் தெரிந்தது என்று சொன்னேன் அல்லவா? நிர்வாகத்திடம் பேசும்போது, இதற்கென்று பணமும் நேரமும் ஒதுக்குவதாக இருந்தால் முதலில் ஆசிரியர்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேளுங்கள். ஆனால் ஒன்று: 22 பிள்ளைகளுக்கு ஒரே ஆள் என்ற நிலையில் வரும் களைப்பை மூச்சுப் பயிற்சியால் போக்கிவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், உதவியாளர் ஒருவர் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பதினைந்து நிமிடத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் ஒரே இருப்பில் இல்லை: காலை வட்டத்தில் மணி இரண்டு நிமிடம், வெளியே விளையாடிவிட்டு வந்ததும் வயிற்றின் மேல் பொம்மை மூன்று நிமிடம், கதைக்கு முன் பெயர் அழைக்கும் விளையாட்டு, கை கழுவும்போது நீரின் சூட்டையும் குளிர்ச்சியையும் உணர்வது, வீட்டுக்குப் போகும் முன் ஒரு இலையையோ கல்லையோ விரலால் தடவிப் பார்த்துச் சொல்வது. கூட்டிப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். ஆறு வாரம் இப்படி நடத்த அனுமதி கேட்டு, பிள்ளைகளிடம் நீங்கள் கண்ட மாற்றங்களை அன்றன்றைக்கு இரண்டு வரி எழுதி வைத்துக் காட்டுங்கள்.

மதச் சடங்கா என்று கேட்ட பெற்றோருக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். இந்தப் பயிற்சிகளின் வேர் பௌத்த தியான மரபில் இருக்கிறது. கபட்-சின் அந்த மரபிலிருந்து கற்றுக்கொண்டு, சமயக் கூறுகளை நீக்கி மருத்துவமனைச் சூழலுக்குக் கொண்டுவந்தார். இதை மறைத்துவிட்டுப் பிறகு வேறெங்கோ அவர் தெரிந்துகொண்டால் உங்கள் மீது வைத்த நம்பிக்கை போய்விடும். உங்கள் வகுப்பில் மந்திரமோ, வணங்கும் கைகளோ, சிலையோ, எந்தச் சமயத்தின் சொல்லோ இருக்காது என்று உறுதி சொல்லுங்கள், அதைக் கடைப்பிடியுங்கள். பிறகு ஒரு நாள் அவரை வகுப்புக்கு அழைத்து வட்டத்தில் உட்கார வையுங்கள். மணி கேட்டதும் அவரும் கையைத் தூக்கட்டும். அதற்குப் பின்னும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்தப் பிள்ளை அந்த இரண்டு நிமிடம் படம் வரையட்டும். முகம் சுளிக்காமல் தாளையும் வண்ணக்குச்சியையும் எடுத்துக் கொடுங்கள்.

மேசைக்கு அடியில் போகும் பையன் மீதமிருக்கிறான். அவனை வெளியே வரச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் முழுவதும் அவன் எப்போதெல்லாம் அங்கே போகிறான் என்று மட்டும் குறித்து வையுங்கள்: ஒலிப்பதிவின்போது மட்டுமா, நாற்காலிகள் இழுபடும் சத்தத்திலுமா, எல்லோரும் நெருக்கமாக உட்காரும்போதெல்லாமா? சத்தமும் நெருக்கமும் தாங்காத பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும் மருந்துதான் மேசையடி. எல்லாச் சத்தத்துக்கும் இப்படி ஒதுங்குகிறான் என்றால் அந்தக் குறிப்பேட்டோடு பெற்றோரைச் சந்தித்து, வளர்ச்சி மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம். பயிற்சியின்போது மட்டும் என்றால், மணியை அடிக்கும் பொறுப்பை ஒரு நாள் அவனிடம் கொடுத்துப் பாருங்கள். வாங்க மறுத்தாலும் பரவாயில்லை. மணியை வழக்கம்போல் நீங்களே அடித்துவிட்டு, கைகளை எண்ணும்போது ஒரு முறை குனிந்து மேசைக்கு அடியிலும் பாருங்கள், அங்கேயும் ஒரு கை உயர்ந்திருக்கலாம்.